கை நடுங்காத நாள்

அட்ரினலின் குப்பி என் சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. அதில் உள்ள மருந்தைத் தரையில் ஊற்றினால் ஓர் எறும்பு சிரமமில்லாமல் நீந்திக் கரையேறிவிடும். அதே மருந்து சாகக் கிடப்பவளை எழுப்பி உட்கார வைத்து, ஓயாமல் ஊர்க்கதை பேசவும் வைக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். விடைகொடுத்த அன்று தேநீரும் கறிபாப் பலகாரமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்திருக்கும் பெண்கள் வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தைக் காட்டி, "இது இல்லாத காலத்துல மூச்சு இழுப்புக்கு என்னா செஞ்சீங்க மிஸ்ஸி?" என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போட்டோம் என்றேன். போட்டால் என்ன ஆகும் என்றார்கள். சொல்லத் தொடங்கினேன், கறிபாப் தீர்ந்தும் கதை தீரவில்லை. எழுதித் தாருங்கள் என்று தாளை நீட்டிவிட்டார்கள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. கீழே ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை விரித்தேன், ஊசிகளைக் கொதிக்க வைத்தேன், திட்டு வாங்கினேன், சான்றிதழ் வாங்கினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை. மகள் மலர் அப்போது நடை பழகிய குழந்தை. ஆஸ்பத்திரி என்றால் தகரக் கூரை, சில கட்டில்கள், ஒரு மருந்தறை. காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்பே பனி ஜன்னல் வழியாக வந்து கட்டில்களில் படுத்துக்கொள்ளும்.

அங்கே எல்லாமே டிரஸ்ஸர் ஐயா சவரிமுத்துதான். தானா ராத்தா டவுனிலிருந்து டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வந்து போவார். மற்ற நாளெல்லாம் ஐயாவின் ராஜ்யம். ஒல்லியான மனிதர். வெள்ளைக் காற்சட்டைக்கு மடிப்புக் கலையாமல் கஞ்சி போட்டிருப்பார். நடக்கும்போது அது சரசரக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே கட்டிலில் கிடப்பவர்கள் பீடியை அணைத்துவிடுவார்கள்.

அட்ரினலின் குப்பிகளை அவர் ஒரு பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்திருந்தார். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். குப்பியை எடுத்தவுடன் வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தால் சரி. கொஞ்சம் ரோஸ் நிறம் தட்டியிருந்தாலும் குப்பைக்குப் போக வேண்டியதுதான். பிறகு குப்பியின் கழுத்தை அறுத்து, ஒடித்து, மெல்லிய சிரிஞ்சில் பாதிக்கும் குறைவாக உறிஞ்சி, தோலுக்கு அடியில் நுழைத்து, ரத்தம் வருகிறதா என்று பின்னால் இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் தள்ள வேண்டும். தள்ளிய இடத்தைத் தேய்த்துவிட வேண்டும். இவை எல்லா இடத்திலும் உள்ளவைதான். ஐயாவிடம் மட்டும் இருந்த பழக்கம் ஒன்று உண்டு. ஊசி போடுவதற்கு முன் நோயாளியின் காதருகே குனிந்து சொல்வார்:

"இப்ப உன் நெஞ்சு தடதடன்னு ஓடும். கை நடுங்கும். பயம் வரும். அந்தப் பயம் உன்னுது இல்ல, மருந்தோடது. விட்டுடு, அதுவா போயிடும்."

வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மூச்சுக்குத் திணறுகிறவளிடம் சொற்பொழிவு எதற்கு? முனியம்மாவைக் கொண்டுவந்த அன்று புரிந்தது.

முனியம்மா கொழுந்து எடுக்கும்போது குளவிக் கூட்டைக் கூடையால் இடித்துவிட்டாள். நான்கு பேர் தூக்கி வந்தார்கள். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, கண்கள் காணாமல் போய், உதடு நீலம் பாரித்திருந்தது. நாடி கைக்கு அகப்படவே இல்லை. ஐயா குனிந்து தன் வாசகத்தைச் சொன்னார், ஊசி போட்டார், மணிக்கட்டில் விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். காற்சட்டைகூடச் சரசரக்கவில்லை. சற்று நேரத்தில் அவர் புருவம் ஏறியது. என் விரலை இழுத்து அதே இடத்தில் வைத்தார். காணாமல் போயிருந்த நாடி குதிரைபோல் ஓடிவந்துகொண்டிருந்தது.

முனியம்மா எழுந்து உட்கார்ந்தாள். கைகள் வெடவெடவென்று ஆடின, பல் தந்தியடித்தது. பிறகு பேசத் தொடங்கினாள். கங்காணியைப் பற்றி, கங்காணியின் மச்சினிச்சியைப் பற்றி, போன வருஷத் திருவிழாவில் காணாமல் போன சேவலை யார் குழம்பு வைத்தார்கள் என்பதைப் பற்றி. தூக்கிவந்த நால்வரில் ஒருவன் மெல்ல நழுவி வெளியே போனான். சேவல் அவன் வீட்டுக்குத்தான் போயிருந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் முனியம்மாவும் சிரித்தாள். வீங்கிய உதட்டோடு சிரிக்க வராமல் அதற்கும் சிரித்தாள். அன்று முதல் எங்கள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அந்த ஊசிக்கு 'ஓட்ட ஊசி' என்று பெயர்.

ஒரே மருந்து எப்படி நெஞ்சை விரட்டி, மூச்சுக்குழாயைத் திறந்து, ரத்தக் குழாயை இறுக்குகிறது என்று ஐயாவிடம் கேட்டேன். உடம்புக்குள் அந்த மருந்து உட்கார்வதற்கென்றே இடங்கள் இருக்கின்றன, ரிசெப்டர் என்பார்கள் என்றார். பஸ்ஸில் சீட் இருப்பது மாதிரி. நெஞ்சிலும் மூச்சுக்குழாயிலும் தசையிலும் ஓடுவது பீட்டா பஸ். அதில் மருந்து ஏறி உட்கார்ந்தால் நெஞ்சு வேகம் எடுக்கும், மூச்சுக்குழாய் தளரும், கை நடுங்கும். ரத்தக் குழாய்களில் ஓடுவது ஆல்ஃபா பஸ். அதில் உட்கார்ந்தால் குழாய் இறுகும், முகம் வெளுக்கும், பிரஷர் ஏறும். ஒரே பயணி, பஸ்ஸைப் பொறுத்து வேலை மாறும். எனக்கு இன்றுவரை இதைவிட நன்றாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

அடுத்து வந்தது அதற்கு நேர் எதிரான மருந்து. எண்பதுகளின் பிற்பகுதி. பக்கத்து வீட்டுக் காளிமுத்து அண்ணன் எஸ்டேட் லேண்ட்ரோவர் டிரைவர். பிரஷர் இருந்தது, கூடவே கை நடுக்கமும். வார டாக்டர் அவர் கையை நீட்டச் சொல்லி, புறங்கையில் ஒரு தாளை வைத்துப் பார்த்தார். தாள் காற்றில் ஆடும் வாழையிலை மாதிரி படபடத்தது. புரோபிரனோலோல் மாத்திரை கொடுத்தார். அடுத்த வாரம் அதே கையில் அதே தாள், பசை போட்டு ஒட்டியதுபோல் கிடந்தது. அண்ணன் தன் கையையே உற்றுப் பார்த்து, "இது என் கைதானா லா?" என்றார்.

ஐயா பஸ் கணக்கிலேயே விளக்கினார். இந்த மாத்திரை முன்கூட்டியே ஏறி பீட்டா பஸ் சீட்டெல்லாம் துண்டு போட்டுப் பிடித்துவிடும். அப்புறம் வரும் அட்ரினலினுக்கு உட்கார இடம் கிடையாது. அதனால் நெஞ்சும் துள்ளாது, கையும் ஆடாது. இழுப்பு உள்ளவர்களுக்கு மட்டும் இது ஆகவே ஆகாது, மூச்சுக்குழாய் இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னதை ஐயா அண்ணனிடம் திருப்பிச் சொன்னார். அண்ணனுக்கு இழுப்பு இல்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆனால் எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரைவரை போகாது. பக்கத்து வீட்டில் வெங்காயம் தாளித்தால் இங்கே கண் எரியும். உப்பு, சர்க்கரை, சீப்பு, செய்தி எல்லாம் சுவருக்கு மேலேயே கைமாறும். மாத்திரையும் மாறியது. சங்கக் கூட்டத்தில் துரை முன்னால் பேசும்போது குரல் உதறும் தலைவர் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு, துரையே அசந்துபோகும்படி பேசினார். ஒரு மாப்பிள்ளை தாலி கட்டும்போது விரல் நடுங்காமல் மூன்று முடிச்சையும் இறுக்கிவிட்டான். பெண்ணின் தகப்பனார் அவன் துணிச்சலை ஊரெல்லாம் புகழ்ந்தார். விஷயம் ஐயா காதுக்கு எட்டியதும் அவர் லயத்துக்கே சரசரத்து வந்துவிட்டார்.

"இது என்னா பச்சமொளகாயா, செவுத்து மேல கைய நீட்டி வாங்குறதுக்கு?"

அன்றிலிருந்து அண்ணனின் மாத்திரை ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வந்து வாங்கிப் போவார். ஆனால் அதற்கு முன் வாங்கியதில் மிச்சத்தை அவர் மனைவி செல்லம்மா அக்கா சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தியிருந்தது யாருக்கும் தெரியாது. நல்ல பொருளை வீணாக்காத மனுஷி.

மலருக்குப் பத்தொன்பது வயது ஆனபோது காரோட்டக் கற்றுக்கொள்வேன் என்றாள். ரிங்லெட்டில் காய்கறி மொத்த வியாபாரி ஒருவரிடம் வேலை காத்திருந்தது. லெம்பா பெர்த்தாம் தோட்டங்களுக்கு வேன் ஓட்டிப் போய்ச் சரக்குப் பார்த்து வர வேண்டும், லைசென்ஸ் கட்டாயம். எங்கள் லயத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் ஓட்டியதில்லை. நான் பயந்தேன். நான் எதற்குத்தான் பயப்படவில்லை? சின்ன வயதில் பனிக்காலமெல்லாம் அவளுக்கு இழுப்பு வரும். விடியவிடிய அவளை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு அந்த விசில் சத்தத்தைக் கேட்டுக் கிடந்தவள் நான். வயதுக்கு வந்த பிறகு அது நின்றுபோயிருந்தது. லயம் அதை மறந்துவிட்டது. நான் மறக்கவில்லை.

முதல் டெஸ்டில் தோற்றாள். மேட்டில் காரை நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். கிளட்சை மிதித்த இடது முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஆடி, கார் பின்னால் போய், டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டாராம். அதை அவள் நடித்துக் காட்டியபோது காளிமுத்து அண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். அதன் பிறகு அவரே சாயங்காலங்களில் தொழிற்சாலை மேட்டில் சொல்லிக் கொடுத்தார். ஓட்டுவது பழகிவிட்டது. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் டெஸ்ட் நாளன்று நான் காலையிலேயே வேலைக்கு வந்துவிட்டேன். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் ஹார்ன் சத்தம், கைதட்டல். மலர் ஓடி வந்தாள். கையில் பாஸான தாள். பின்னால் காளிமுத்து அண்ணன், செல்லம்மா அக்கா, வேலையில்லாத பாதி லயம்.

"பாஸும்மா. காலு ஆடவே இல்ல. அந்த ஆபீசர் குட் குட்டுன்னாரு" என்றாள், மூச்சு வாங்க வாங்க.

சந்தோஷத்தில் மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். கட்டிப்பிடித்தேன். அவள் நெஞ்சு என் நெஞ்சில் பட்டதும் அந்த விசில் கேட்டது. வருஷக்கணக்கில் கேட்காத சத்தம்.

கட்டிலில் உட்கார வைத்தபோது அவளால் முழு வாக்கியம் பேச முடியவில்லை. கழுத்துத் தசைகள் கயிறுபோல் புடைத்தன. ஐயா வந்தார், காது வைத்துக் கேட்டார், பிஸ்கட் டின்னைத் திறந்தார். சுவருக்கு எதிரே குப்பியைப் பிடித்துப் பார்த்தது அவர்தான். எனக்குச் சுவரே தெரியவில்லை. குனிந்து அவள் காதில் வழக்கமான வாசகத்தைச் சொன்னார். ஊசி போட்டார். நாடியில் விரல் வைத்துக் கண்ணை மூடினார்.

நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் வர வேண்டும். வந்தால் மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வரவில்லை. விசில் மெலிந்தது; நல்லதுக்கு அல்ல, உள்ளே போகும் காற்றே குறைந்ததால். ஐயா கண்ணைத் திறந்தார். நாடி ஓடவில்லை, முன்னைவிட மெதுவாக, கல் மாதிரி அடிக்கிறது என்றார். பிரஷர் பார்த்தார், ஏறியிருந்தது. பிறகு மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மலரின் கையை நீட்டச் சொல்லி, புறங்கையில் வைத்தார்.

தாள் அசையவில்லை.

அந்தத் தாள் அசையாமல் கிடந்ததை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயா இரண்டாவது குப்பியைத் தொடவில்லை. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, சத்தம் போடாமல் கேட்டார்: "பிள்ளைக்கு யார் என்னா குடுத்தீங்க?"

செல்லம்மா அக்காவின் கை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது.

"நாந்தான் ஐயா. இவரு மாத்திரை. காலு ஆடக் கூடாதுன்னு... காலையில தோசையோட குடுத்தேன்."

காளிமுத்து அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஓடிப் போய் லேண்ட்ரோவரை வாசலுக்குக் கொண்டு வந்தார்.

ஐயா அவளைத் திட்டவில்லை. சொன்னதற்குத் தலையசைத்தார், அவருக்கு வேண்டியது அதுதான். என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்ஸி, பீட்டா பஸ்ஸு ஃபுல்லு. நாம எத்தனை பேர ஏத்தினாலும் இன்னொரு பஸ்ஸுலதான் ஏறுவான், பிரஷர்தான் ஏறும். வேற வழியா போவோம். அமினோபைலின் எடு."

அது அந்த சீட்டுகளைக் கேட்காத மருந்து. நேராக மூச்சுக்குழாய்த் தசைக்குள்ளே போய் வேலை செய்யும். ஆனால் வேகமாகப் போட்டால் நெஞ்சே நின்றுவிடும். குளுக்கோஸ் நீரில் கலந்து பெரிய சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்தேன். என் கை ஆடியதால் நரம்பை ஐயாவே பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் தள்ளிய வேகத்தைத் தள்ளுவது என்றே சொல்ல முடியாது. கட்டைவிரல் நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. நான் ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டு, அவள் மூச்சோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். மெலிந்துபோன விசில் மறுபடி பெரிதாகியது. காற்று உள்ளே போகிறது என்றார் ஐயா. வாழ்க்கையில் எந்த இசையும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

அதோடு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பின்னால் மலரும் ஐயாவும் ஆக்சிஜன் சிலிண்டரும். முன்னால் நான். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெறும் ஆகாயம். காளிமுத்து அண்ணனின் கைகள் ஸ்டியரிங்கில் சிலை மாதிரி இருந்தன. காலையில் அவரும் தன் மாத்திரையைப் போட்டிருந்தார். ஆனால் கண்ணீர் வழிந்து சட்டைக் காலரை நனைத்துக்கொண்டிருந்தது. அந்த மாத்திரை கையைத்தான் நிறுத்தும், கண்ணை நிறுத்தாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஐயா சொன்னதை அங்கிருந்த டாக்டர் கேட்டார், சரி என்றார், அதே மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்தார், ஸ்டீராய்டும் போட்டார். மாத்திரை இறங்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும், இறங்க இறங்க சீட் காலியாகும் என்றார். பஸ் கதை அவருக்கும் தெரிந்திருந்தது. ஐயா யாரையும் விட்டுவைக்கவில்லை போலும்.

சாயங்காலம், மூச்சுக்குழாயைத் தளர்த்த பீட்டா பஸ்ஸில் ஏறும் மருந்தை மறுபடி, இம்முறை புகையாகக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மலர் என்னைப் பார்த்து ஒரு மாதிரி விழித்தாள்.

"அம்மா, நெஞ்சு ஓடுதும்மா. பயமா இருக்கு."

நான் அவள் சட்டைப் பையிலிருந்து டெஸ்ட் பாஸான தாளை எடுத்தேன். கையை நீட்டு என்றேன். புறங்கையில் வைத்தேன். தாள் படபடவென்று ஆடியது. ஆடி, துள்ளி, தரையில் விழுந்தது. நான் சிரித்தேன். என்னால் நிறுத்த முடியவில்லை. எடுத்து வைத்தேன், மறுபடி விழுந்தது, மறுபடி சிரித்தேன். மலரும் சிரித்தாள். வார்டு சிஸ்டர் வந்து, இது ஆஸ்பத்திரியா சினிமாக் கொட்டகையா என்று கேட்டார். ஐயா வாசலில் நின்று முதுகைத் திருப்பிக்கொண்டார். காற்சட்டை மட்டும் சரசரத்தது.

செல்லம்மா அக்கா பல நாள் எங்கள் பக்கச் சுவரில் எதையும் நீட்டவில்லை. ஒருநாள் மலரே எட்டி, "அத்தை, உப்பு இருக்கா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் உப்பு நிறைய இருந்தது.

அவள் இப்போது வேன் ஓட்டுகிறாள். என் பிரிவுபசாரத்தன்று வீட்டுக்கு அழைத்துப் போக வந்தாள். பனி இறங்கியிருந்தது. மேட்டில் எதிரே ஒரு காய்கறி லாரி வந்ததால் நிறுத்தி, பின்னால் அரை அங்குலம்கூட உருளாமல் கிளப்பினாள். நான் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். மடியில் அந்தப் பெண்கள் கொடுத்த வெற்றுத் தாள்கள் படபடத்தன.

மலர் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள்.

"அம்மா, கை ஆடுது பாரு. யாரும் ஊசிகூடப் போடல. இது முழுக்க உன்னோட பயந்தான்."

ஆமாம் என்றேன். தாள் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.